வீடு கட்ட பிளான் அப்ரூவல்: தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனை வாங்கி, கையில் கொஞ்சம் பணமும் சேர்த்து, வீடு கட்டக் கிளம்புகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். தனி வீடு கட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. அடுக்குமாடிக்கான விதிகள் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வரும்.

என் சொந்த இடத்துல நான் வீடு கட்ட எதுக்கு அனுமதி வாங்கணும்?

பத்திரம் நிலம் உங்களுடையது என்று சொல்கிறது. அந்த நிலத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்பதைச் சொல்வது வேறு சட்டம்: 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் கீழ்தான் 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. இன்று மாநிலம் முழுவதும் அதிகாரிகள் கையில் வைத்துப் பார்ப்பது அந்த விதிகளைத்தான்.

அனுமதி இல்லாமல் கட்டினால், வேலையை நிறுத்தவும், பூட்டி சீல் வைக்கவும், இடிக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது வரை போகாவிட்டாலும் வங்கி வீட்டுக்கடன் தராது. நாளை விற்கப் போனால், வாங்க வருபவரின் வக்கீல் முதலில் கேட்பதும் அப்ரூவல் பிளானைத்தான்.

திட்ட அனுமதி, கட்டட அனுமதி, பிளான் அப்ரூவல்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணா?

இரண்டு அனுமதிகள் இருக்கின்றன. திட்ட அனுமதி என்பது நிலப் பயன்பாடு, சாலை அகலம், சுற்றிலும் விடும் இடம், உயரம், மொத்தப் பரப்பு இவற்றைப் பார்த்துத் தருவது. கட்டட அனுமதி என்பது உள்ளாட்சி அமைப்பு தருவது. அறைகளின் அளவு, காற்றோட்டம், கழிவுநீர், கட்டுமானப் பாதுகாப்பு எல்லாம் அதில் வரும். சிறிய வீடுகளுக்கு இரண்டும் ஒரே விண்ணப்பத்தில் முடிந்துவிடுவதால், ஊர் வழக்கில் சேர்த்துப் பிளான் அப்ரூவல் என்கிறோம். பெரிய கட்டடங்களுக்கு முதலில் திட்ட அனுமதி, பிறகு உள்ளாட்சியில் கட்டட அனுமதி என்று வரிசையாகப் போக வேண்டும்.

எங்க போடணும்? சி.எம்.டி.ஏ.வா, டி.டி.சி.பி.யா, நகராட்சியா?

சென்னைப் பெருநகரப் பகுதிக்குத் திட்ட அதிகாரம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., மற்ற மாவட்டங்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி. ஆனால் 10,000 சதுர அடிக்கும் 8 குடியிருப்புக்கும் உட்பட்ட வீடுகளுக்கு அனுமதி தரும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புகளுக்கே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தனி வீடு கட்டுகிறவருக்கு அவருடைய மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சிதான் வாசல்.

விண்ணப்பம் போடுவது ஒற்றைச் சாளர இணையதளத்தில். அங்கே கணக்குத் தொடங்கும்போது உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். பலர் இன்ஜினியரின் எண்ணையோ இடைத்தரகரின் எண்ணையோ கொடுத்துவிடுகிறார்கள். குறை கேட்டு வரும் செய்தி அவருக்குப் போகும். அவர் பார்க்காமல் விட்டால் இங்கே கோப்பு படுத்துவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

என்னென்ன பேப்பர் தயாரா வச்சுக்கணும்?

கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, உங்கள் பெயரில் பட்டா, புலப்பட வரைபடம் என்ற எஃப்.எம்.பி. ஸ்கெட்ச். நகரப் பகுதியாக இருந்தால் எஃப்.எம்.பி.க்குப் பதில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் அதன் வரைபடமும். மனைப்பிரிவில் வாங்கியது என்றால் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், அதில் உங்கள் மனை எண்ணைக் குறித்து. இவற்றோடு இன்ஜினியர் தரும் வரைபடமும் இடத்தின் புகைப்படமும்.

பட்டா இன்னும் விற்றவர் பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். சொத்து இரண்டு பேர் பெயரில் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும்; ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் பதிவு செய்த பொது அதிகார ஆவணம் வேண்டும்.

பத்திரத்துல 1,200 சதுர அடி போட்டிருக்கு. பட்டாவுல கம்மியா வருது. எதை எடுத்துப்பாங்க?

விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. 1,200 சதுர அடி என்பது 111.48 சதுர மீட்டர். பட்டாவில் அது 1.11 ஏர் என்று பதிவாகியிருந்தால் திரும்பக் கணக்கிடும்போது 1,195 சதுர அடிதான் வரும். இந்த ஐந்து சதுர அடி வித்தியாசம் தசமப் புள்ளியைச் சுருக்கியதால் வந்தது, பயப்பட வேண்டாம். பட்டாவில் 1.05 ஏர் என்று இருந்தால் 1,130 சதுர அடி ஆகிறது. 70 சதுர அடி எங்கோ போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

அடுத்தது தரை. பத்திரத்தில் 30-க்கு 40 என்று அழகாக எழுதியிருப்பார்கள். டேப் பிடித்துப் பார்த்தால் முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 28 அடி 6 அங்குலம் என்று வரும். சராசரி 29¼ அடி, அதை 40-ஆல் பெருக்கினால் 1,170 சதுர அடி. பத்திரம், பட்டா, தரை இந்த மூன்றில் எது குறைவோ அதை வைத்துத்தான் வரைபடம் போட வேண்டும். மற்றவற்றை வைத்துப் போட்டால் தளத்துக்கு வரும் அலுவலர் அளக்கும்போது பக்கத்து இடைவெளி குறைந்து, கோப்பு திரும்பும். எனவே இன்ஜினியரிடம் அறைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான்கு பக்கமும், இரண்டு மூலைவிட்டமும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமாக இல்லையென்றால் மனை சரியான செவ்வகம் இல்லை என்று அர்த்தம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிட்டே மேலே போங்கள்.

செட்பேக் எவ்வளவு விடணும்?

செட்பேக் என்பது எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. முன்பக்க இடைவெளியை முடிவு செய்வது தெருவின் அகலம். 9 மீட்டருக்கு உட்பட்ட தெருவில் 1.5 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 5 அடி. தெரு அகலமாக ஆக, விட வேண்டியதும் கூடும். பக்கவாட்டு இடைவெளியை மனையின் அகலமும் கட்டடத்தின் உயரமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதனால் மாடி சேர்க்க நினைத்தால், தரைத்தளம் போடும்போதே மாடிக்கான இடைவெளியைக் கணக்கில் வைத்துச் சுவரைத் தள்ளிப் போடுங்கள்.

அளப்பது எங்கிருந்து எங்கே என்பதில்தான் பிழை வரும். உங்கள் எல்லைக்கோட்டிலிருந்து கட்டடத்தின் வெளிச்சுவர் வரை, பூச்சு உட்பட. காம்பவுண்டு சுவரின் உள்பக்கத்திலிருந்து அளக்கக் கூடாது, ஏனென்றால் அந்தச் சுவரும் உங்கள் மனைக்குள்தான் நிற்கிறது. சன்ஷேடு 60 சென்டிமீட்டர், அதாவது 2 அடி வரை இடைவெளிக்குள் நீட்டிக்கொள்ளலாம். சன்ஷேடுக்கு மேலே சுவர் எழுப்பி அலமாரி ஆக்கினால் அது அறையின் பகுதியாகிவிடும், இடைவெளி மீறல்தான்.

எஃப்.எஸ்.ஐ. 2ன்னு சொல்றாங்க. அப்ப 1,200 சதுர அடியில 2,400 கட்டிக்கலாமா?

எஃப்.எஸ்.ஐ., அதாவது தளப்பரப்புக் குறியீடு என்பது எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனைப் பரப்பால் வகுத்தால் வரும் எண். 18.30 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட சாதாரணக் கட்டடங்களுக்கு அது 2. ஆக உச்சவரம்பு 2,400 என்பது சரி. ஆனால் அந்த வரம்பைத் தொடுவதற்கு முன்பே செட்பேக் உங்களை நிறுத்திவிடும்.

30-க்கு 40 மனையில் முன்னால் 5 அடி, பின்னால் 5 அடி, இரு பக்கமும் மூன்றரை அடி விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 23-க்கு 30, அதாவது 690 சதுர அடி. தரையும் முதல் மாடியும் சேர்ந்து 1,380 சதுர அடிதான். சின்ன மனைகளில் உண்மையான வரம்பு எஃப்.எஸ்.ஐ. இல்லை, செட்பேக்தான். பில்டர் பேசும் சதுர அடிக் கணக்கை நம்பி முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தக் கழித்தலை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

சுயசான்றுல உடனே அப்ரூவல் கிடைக்குதாமே, அது எல்லாருக்கும் உண்டா?

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டும் பரப்பு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமும், குடியிருப்பு மட்டும். இதற்குள் அடங்கினால் ஆவணங்களை ஏற்றி, விதிகளுக்கு உட்பட்டுக் கட்டுவேன் என்று சான்று கொடுத்து, கட்டணம் கட்டியவுடன் இணையத்திலேயே அனுமதி வந்துவிடும். முன்கூட்டிய தள ஆய்வு இல்லை, பரிசீலனைக் கட்டணம் இல்லை, வீடு முடிந்தபின் முடிவுச் சான்றும் தேவையில்லை. கீழே ஒரு கடை வைத்து மேலே வீடு என்றால் இது பொருந்தாது. சாதாரண வழியில்தான் போக வேண்டும்.

நல்ல திட்டம். ஆனால் அதிலுள்ள சுமை முழுவதும் உங்கள் தோளுக்கு வந்துவிட்டது என்பதை உணர வேண்டும். முன்பு அலுவலர் அளந்து தவறைச் சொல்வார், நீங்கள் வரைபடத்தைத் திருத்துவீர்கள். இப்போது தவறான அளவோடும் அனுமதி வந்துவிடும். பிறகு சரிபார்க்கும்போது பிடிபட்டால் அனுமதி ரத்தாகும், அப்போது சுவர் நின்றுகொண்டிருக்கும். மேலே சொன்ன பத்திரம், பட்டா, தரை ஒப்பீடு மற்ற வழியை விட இந்த வழிக்குத்தான் அதிகம் தேவை.

மேஸ்திரியே பிளான் வரைஞ்சு தர்றேன்கிறாரு. ஆகுமா?

வீட்டுக்குள் அறை எங்கே வர வேண்டும் என்று பேசிக்கொள்ள அது உதவும். விண்ணப்பத்துக்கு ஆகாது. பதிவு பெற்ற பொறியாளரோ, கட்டடக்கலைஞரோ கையெழுத்திட்ட வரைபடம்தான் செல்லும். அவருடைய பதிவு நடப்பில் இருக்கிறதா, உங்கள் பகுதிக்குச் செல்லுமா என்று கேட்டுப் பாருங்கள். காலாவதியான பதிவு எண்ணை வைத்து விண்ணப்பிக்க முடியாது.

அந்த வரைபடத்துல என்னவெல்லாம் இருக்கணும்?

இடம் எந்தத் தெருவில், எந்தச் சந்திப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் அமைவிடப் படம், வடக்கு அம்புக்குறி, நான்கு எல்லை அளவு, தெருவின் அகலம், நான்கு பக்க இடைவெளி காட்டும் மனைப் படம், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு படம், அஸ்திவாரத்திலிருந்து கைப்பிடிச் சுவர் வரை வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டு, முகப்புத் தோற்றம், பரப்பு அட்டவணை. மழைநீர் சேகரிப்புக் குழி, கழிவுநீர்த் தொட்டி, வாகனம் நிறுத்துமிடம் மூன்றையும் மனைப் படத்தில் காட்டியே ஆக வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். படத்தில் ஒரு வட்டம் போட்டு நிறுத்திவிடாமல், மொட்டைமாடிக் குழாய்கள் எந்த வழியாகக் குழிக்கு வருகின்றன என்பதையும் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். குழி கழிவுநீர்த் தொட்டியை ஒட்டி வந்துவிடக் கூடாது; சின்ன மனைகளில் இரண்டையும் பின்பக்க இடைவெளியிலேயே நெருக்கி வரைந்துவிடுகிறார்கள். மழைநீரை ஒரு மூலையிலும் கழிவை எதிர் மூலையிலும் வைப்பதே உங்கள் கிணற்றுக்கு நல்லது.

கட்டணம்னு எதெல்லாம் வரும்?

சுயசான்று வழியில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும், ஊராட்சியில் குறைவு, மாநகராட்சியில் கூடுதல். சாதாரண வழியில் பரிசீலனைக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம், கட்டட உரிமக் கட்டணம் என்று தனித்தனியாக வரும். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குப் போகும். எல்லாமே இணையத்தில் கட்டி ரசீது எடுப்பவைதான். ரசீது இல்லாத தொகையை யார் கேட்டாலும் அது அனுமதிக் கட்டணம் இல்லை.

போட்டு ரெண்டு மாசமாச்சு, ஒண்ணும் வரலை. என்ன செய்யறது?

முதலில் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு, கோப்பு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பல நேரங்களில் அது உங்களிடமே, அதாவது விண்ணப்பதாரரின் பதிலுக்காக, நின்றுகொண்டிருக்கும்.

வழக்கமாகக் கேட்கப்படும் குறைகள்: பட்டாவில் பெயர் எழுத்து பத்திரத்தோடு பொருந்தவில்லை, தெருவின் அகலம் வரைபடத்தில் ஒன்று, தரையில் ஒன்று, வில்லங்கச் சான்று பழையது, புகைப்படத்தில் ஏற்கெனவே தூண் எழும்பியிருக்கிறது. பதில் ஏற்றும்போது கேட்டதற்கு மட்டும் துண்டாகப் பதில் சொல்லாமல், எல்லாக் குறைகளுக்கும் சேர்த்து ஒரே தடவையில் ஏற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் வரிசையின் பின்னால் போய் நிற்பது மாதிரிதான்.

அன்அப்ரூவ்டு மனை வாங்கிட்டேன். வீடு கட்ட வழியே இல்லையா?

2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்குள் பதிவு செய்து விற்கப்பட்ட மனை என்றால், 2017-இல் வந்த வரன்முறைப்படுத்தும் விதிகளின் கீழ் அது வரன்முறைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு முன் வைத்திருந்தவரே அதற்கான ஆணையை வாங்கியிருக்கலாம். அவரிடம் ஆணையின் நகல் கேளுங்கள். அந்த ஆணை இருந்தால் மற்ற மனை மாதிரியே விண்ணப்பிக்கலாம். நீர்நிலை, புறம்போக்கு, கோயில் நிலம் இவற்றில் விழுந்த மனைக்கு வரன்முறை கிடையாது.

பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட லேஅவுட்தான். அது போதாதா?

போதாது. மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் டி.டி.சி.பி.க்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும்தான். ஊராட்சி வீட்டுக்குக் கட்டட அனுமதி தரலாம், மனையைப் பிரித்துக் கொடுக்க முடியாது. பஞ்சாயத்து அப்ரூவல் மனை என்று விளம்பரப்படுத்தி விற்றது நடைமுறையில் அங்கீகாரம் இல்லாத மனைதான். முந்தைய பதிலில் சொன்ன தேதிக் கணக்கு இதற்கும் பொருந்தும்.

வேற துறைகிட்ட என்.ஓ.சி. வாங்கணும்கிறாங்களே, எப்ப?

என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று வேண்டுமா என்பது இடத்தைப் பொறுத்தது. ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயிடம். தொல்லியல் துறை பாதுகாக்கும் மத்திய அரசு நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டவே முடியாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு, அதாவது மொத்தம் 300 மீட்டர் வரை, முன் அனுமதி வேண்டும். தஞ்சை, காஞ்சி, மாமல்லபுரம் பக்கம் மனை வாங்குகிறவர்கள் இதை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். விமான நிலையத்துக்கு அருகே உயர வரம்பு, கடலோரத்தில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், ஏரி ஆற்றின் ஓரம் நீர்வளத் துறை. மலைப்பகுதிகளுக்குத் தனி விதிகள் உண்டு.

அப்பா கட்டின வீட்டுக்கு மேல மாடி எடுக்கணும். பழைய பிளான் கிடைக்கலை.

முதலில் உள்ளாட்சியில் பழைய அனுமதியின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். பழைய சொத்து வரி ரசீதில் இருக்கும் ஆண்டும் கதவு எண்ணும் தேடுவதற்கு உதவும். கிடைத்தால், இருக்கும் பகுதியை ஒரு நிறத்திலும் புதிதாகச் சேர்ப்பதை வேறு நிறத்திலும் காட்டி வரைபடம் போடலாம். கூடவே அஸ்திவாரமும் தூண்களும் மாடியைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளரின் சான்று வேண்டும். தூண் இல்லாமல் செங்கல் சுவரில் நிற்கும் பழைய வீடாக இருந்தால் இந்தச் சான்றைச் சடங்காக வாங்காதீர்கள். ஓரிடத்தில் தோண்டி அஸ்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

அனுமதியே இல்லாமல் கட்டிய வீடு என்றால், மாடியை மட்டும் தனியாக அனுமதிக்க மாட்டார்கள். கீழ்த்தளமும் இன்றைய விதிக்குள் வருகிறதா என்று சேர்த்துப் பார்ப்பார்கள்.

கட்டும்போது ஒரு ரூமைக் கொஞ்சம் நீட்டிட்டோம். இப்ப என்ன பண்றது?

உள்சுவரை நகர்த்தியது, கதவு இடம் மாறியது இவை பெரிய சிக்கல் இல்லை. வெளிச்சுவர் செட்பேக்குக்குள் போனாலோ, பரப்போ உயரமோ கூடினாலோ, அந்த இடத்தில் வேலையை நிறுத்தி, திருத்திய வரைபடம் போட்டு அனுமதி வாங்குங்கள். விதிக்குள் அடங்கும் மாற்றம் என்றால் கிடைக்கும். அடங்காது என்றால், கான்கிரீட் போடும் முன் சுவரை உள்ளே இழுப்பதற்கு ஆகும் செலவு, போட்டபின் இடிப்பதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இன்னொன்று: வங்கியின் மதிப்பீட்டாளர் ஒவ்வொரு தவணைக்கும் அப்ரூவல் பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார். வரைபடத்தில் இல்லாத அறையைப் பார்த்தால் அடுத்த தவணை நின்றுவிடும்.

சொத்து வரி கட்டுறோம், கரண்டு இருக்கு. அப்ப அது அப்ரூவ்டு வீடுதானே?

இல்லை. கட்டடம் இருக்கிறது என்பதற்காக வரி போடுகிறார்கள்; அது சட்டப்படி கட்டப்பட்டது என்று வரி ரசீது சொல்வதில்லை. மின் இணைப்பும் அப்படித்தான்.

பாகப்பிரிவினையில பின்பக்கம் எனக்கு வந்துச்சு. அண்ணன் பங்கு வழியாத்தான் ரோட்டுக்குப் போகணும்.

பாதை இல்லாத மனைக்கு அனுமதி கிடைக்காது. அண்ணன் இன்று விடுகிறார் என்பது அலுவலகத்தில் செல்லாது, எழுத்தில் இருக்க வேண்டும். பாதையின் அகலம், நீளம், எந்த எல்லையை ஒட்டிப் போகிறது என்பதெல்லாம் பதிவு செய்த ஆவணத்தில் அளவோடு வர வேண்டும், எஃப்.எம்.பி.யிலும் உட்பிரிவாக வந்தால் இன்னும் நல்லது.

பாகப்பிரிவினை இன்னும் பதிவாகவில்லை என்றால் இதுதான் சரியான நேரம். பாதையின் அகலத்தை எழுதுமுன் இன்ஜினியரிடம் ஒரு தடவை கேளுங்கள். மூன்றடிச் சந்து ஆள் போக வரப் போதும், வீட்டு அனுமதிக்குப் போதாது. அண்ணன் தம்பி முகம் பார்த்து இப்போது பேசாமல் விட்டால், பிறகு பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு எல்லோரையும் மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைக்க வேண்டிவரும்.

பக்கத்து வீட்டுக்காரர் இடமே விடாம கட்டியிருக்காரு. நான் மட்டும் ஏன் விடணும்?

சில பழைய பகுதிகள் தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருக்கின்றன. சென்னையின் ஜார்ஜ் டவுன் அப்படிப்பட்டது. அங்கே பக்கத்துச் சுவரை ஒட்டிக் கட்டலாம். உங்கள் தெருவும் அந்த வகையா என்பதை சர்வே எண்ணைக் கொடுத்துத் திட்ட அலுவலகத்தில் கேட்டுவிடலாம். அப்படி இருந்தால் வரைபடத்தில் அதைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள்.

அந்த வகை இல்லையென்றால், அவர் விடாத இடத்துக்காக உங்களுக்குச் சலுகை கிடைக்காது. அவருடைய சுவர் உங்கள் எல்லைக்குள் வந்திருக்கிறதா என்பதையும் அளந்து பார்த்துவிடுங்கள். வந்திருந்தால் உங்கள் அளவு அங்கேயே குறைகிறது. இவ்வளவு அங்குலம் உள்ளே வந்திருக்கிறது என்று சர்வேயர் குறித்த படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகே வரைபடத்தில் பேனா வையுங்கள்.